'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்கு அடுத்து எதைக் கேட்பது? பேஸ் வாசிப்பவரைப் பிடித்துக்கொண்டு போங்கள்

கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இது: டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை யாரோ சொல்லிக் கேட்க ஆரம்பித்தார், இப்போது வீட்டில் தினமும் அதுதான் ஓடுகிறது. அடுத்து எதைக் கேட்பது என்று தேடினால் 'கேட்டே தீர வேண்டிய நூறு ஜாஸ் ஆல்பங்கள்' மாதிரியான பட்டியல்கள் வருகின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

நான் ஒரே ஒரு வழிதான் சொல்வேன். பால் சேம்பர்ஸ் என்ற பெயரைத் தேடிக்கொண்டு போங்கள்.

நீங்கள் தினமும் கேட்கும் அந்த ஆல்பத்தில் டபுள் பேஸ், அதாவது ஆள் உயரத்துக்கு நிற்கும் தாழ்ந்த சுரத் தந்தி வாத்தியம், வாசிப்பவர் அவர். அட்டையின் முன்பக்கத்தில் அவர் பெயரைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. ஆனால் 1955க்கும் 1965க்கும் இடையில் நியூயார்க் வட்டாரத்தில் பதிவான தலைசிறந்த ஜாஸ் ஆல்பங்களை எடுத்து அட்டையைத் திருப்பிப் பாருங்கள், நம்ப முடியாத அளவுக்கு அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும். காரணம் அன்றைய ஒலிப்பதிவு முறை. ப்ளூ நோட், பிரெஸ்டீஜ் போன்ற கம்பெனிகள் ஓர் ஆல்பத்தைப் பெரும்பாலும் ஒரே நாளில் பதிந்து முடித்துவிடும். யாருடைய பெயரில் ஆல்பம் வருகிறதோ அவர் நாலைந்து பேரை அழைத்து வருவார். அடுத்த வாரம் அதே ஆட்களில் இரண்டு பேர் இன்னொருவருடைய ஆல்பத்தில் இருப்பார்கள். ஆகவே பக்கவாத்தியக்காரர் ஒருவரைப் பின்தொடர்ந்தால் அந்தக் காலத்து ஜாஸ் உலகம் முழுவதும் ஒரே குடும்பமாகத் தெரிய ஆரம்பிக்கும். பட்டியல்களில் இல்லாத தொடர்பு இதில் கிடைக்கும்.

சேம்பர்ஸ் 1935 ஏப்ரல் 22 அன்று பிட்ஸ்பர்க்கில் பிறந்தார், வளர்ந்தது டெட்ராய்ட்டில். டியூபா வாசித்துவிட்டுப் பிறகு டபுள் பேஸுக்கு வந்தவர். 1955இல் மைல்ஸ் டேவிஸின் புதிய குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 20. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் இரண்டே நாட்களில் பதிவானது, மார்ச் 2 ஒரு நாள், ஏப்ரல் 22 இன்னொரு நாள். அந்த இரண்டாவது நாள் அவருடைய 24ஆவது பிறந்தநாள். 'ஆல் ப்ளூஸ்' முழுக்க அடியில் ஆடிக்கொண்டே போகும் அந்த பேஸ் வரிசையை அன்றுதான் வாசித்தார்.

சரி, முதலில் கையில் இருக்கும் ஆல்பத்திலிருந்தே தொடங்குவோம். 'சோ வாட்' என்ற முதல் உருப்படியைப் போடுங்கள், ஆனால் டிரம்பெட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். பியானோவும் பேஸும் தாளமில்லாமல் மெதுவாகப் பேசிக்கொள்ளும் முன்னுரை முடிந்ததும், மெட்டை எடுத்துச் சொல்வது யார் என்று கவனியுங்கள். பேஸ்தான். பியானோவும் பிறகு ஊதுகருவிகளும் அதற்கு இரண்டே கார்டுகளில் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு) பதில் சொல்கின்றன, அவ்வளவுதான். அடியில் கிடக்கும் வாத்தியம் பாட, முன்னால் நிற்கும் மைல்ஸ், சாக்ஸபோன்காரர்கள் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி மூவரும் 'ஆமாம்' போடுகிறார்கள். அது முடிந்து மைல்ஸ் சோலோவை எடுக்கும் அந்த நொடியில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி கொடுப்பார். அந்த ஓசை மெல்ல அடங்குவதற்குள் சேம்பர்ஸ் நடக்க ஆரம்பித்திருப்பார், அடிக்கு ஒரு சுரம் என்ற கணக்கில். அடுத்த பல நிமிடங்களுக்கு அந்த நடை நிற்காது.

இங்கே கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். 'சோ வாட்' 32 பார் கொண்ட ஒரு சுற்று, ஒரு பார் என்பது இங்கே நாலு அடி. முதல் 16 பார் டி டோரியன், அடுத்த 8 பார் அதையே அரைச் சுரம் மேலே தூக்கி வைத்தது, கடைசி 8 பார் மறுபடியும் பழைய இடம். டோரியன் என்பது நம் கரகரப்பிரியாவின் சுரங்களேதான், கமகம் இல்லாமல். ஜாஸில் பேஸ்காரருக்குப் பொதுவாக வேலை சுலபமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். இரண்டு அடிக்கு ஒருமுறை, நாலு அடிக்கு ஒருமுறை கார்டு மாறும், அடுத்த கார்டுக்குப் போய்ச் சேரும் வழியை அவர் சுரங்களால் காட்டிக்கொண்டே போவார். இங்கே 16 பார், அதாவது 64 அடி, ஒரே சுரவரிசை. போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை. சாதாரண ஆளாக இருந்தால் நாலு பாரில் சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். சேம்பர்ஸ் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். மேலே ஏறுகிறார், பாதியில் ஒரே சுரத்தில் நின்று இரண்டு மூன்று முறை தட்டுகிறார், திடீரென்று கீழே இறங்குகிறார். அந்த அரைச் சுரம் மாறும் இடம் வரும்போது அவர் ஏற்கெனவே வாசல்படியில் நிற்கிறார். ஒரு முறை இப்படிக் கேட்டுவிட்டால் மைல்ஸ் ஏன் அவ்வளவு இடைவெளி விட்டு வாசிக்கிறார் என்பதும் புரியும். அந்த இடைவெளிகளை நிரப்ப ஆள் இருக்கிறார் என்ற தைரியம் அது.

ஒரு நடைமுறை விஷயம். இதையெல்லாம் கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்க முடியாது. டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கர்களால் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. ஓரளவு நல்ல ஹெட்ஃபோன் போதும். அக்காலத்து பேஸ்காரர்கள் குடல் நரம்பில் செய்த தந்திகளை, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல், விரல் பலத்தில் மட்டுமே இழுத்து வாசித்தார்கள். விரல் தந்தியை விடும் அந்த 'தப்' சத்தம் கேட்டால்தான் ருசி. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் பழைய இசைத்தட்டு யாரிடமாவது கிடைத்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மார்ச் பதிவின்போது டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதால், அதைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது தட்டின் முதல் பக்கத்தில் சுருதி லேசாக ஏறியிருக்கும். 1992இல்தான் அதைச் சரிசெய்து வெளியிட்டார்கள். இப்போது இணையத்தில் வழக்கமாகக் கிடைப்பது சரிசெய்ததுதான்.

அடுத்த ஆல்பம், ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'. ஏப்ரல் 22க்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மே 4, 5 தேதிகளில் கோல்ட்ரேன் இதன் பெரும்பகுதியைப் பதிகிறார், பேஸ் மறுபடியும் சேம்பர்ஸ். அங்கே 64 அடிக்கு ஒரே சுரவரிசை, இங்கே தலைப்பு உருப்படியில் ஏறக்குறைய இரண்டு அடிக்கு ஒரு கார்டு, அதுவும் மூச்சுவிட முடியாத வேகத்தில். பியானோ வாசித்த டாமி ஃபிளனகன் சாதாரணக் கலைஞர் இல்லை, ஆனாலும் அவருடைய சோலோ நடுவில் தடுமாறிக் கார்டுகளை மட்டும் தட்டிக்கொண்டு போவதைக் கேட்கலாம். அந்தத் தடுமாற்றத்தை நான் குறையாகவே நினைப்பதில்லை, புதிய இலக்கணத்தின் முன்னால் ஒரு பெரிய கலைஞர் நேர்மையாக நிற்கும் நிமிடம் அது. அவர் அதை மறக்கவும் இல்லை. 1982இல் கோல்ட்ரேன் நினைவாக ஒரு முழு ஆல்பம் வெளியிட்டு, இதே உருப்படியை அழகாக வாசித்துக் காட்டினார். ஆனால் 1959இல் பியானோ தடுமாறும்போது அடியில் சேம்பர்ஸ் ஒரு சுரம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறார். அவர் நின்றிருந்தால் மொத்தமும் சரிந்திருக்கும்.

அதே ஆல்பத்தின் கடைசி உருப்படிக்குப் பெயர் 'மிஸ்டர் பி.சி.'. பால் சேம்பர்ஸின் முதலெழுத்துகள். கோல்ட்ரேன் தன் நண்பருக்காக எழுதிய வேகமான மைனர் ப்ளூஸ். இன்றைக்கும் உலகமெங்கும் ஜாஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கூடி வாசிக்கும் இடங்களில் இது தவறாமல் வரும். 'நைமா'வையும் விட்டுவிடாதீர்கள். கோல்ட்ரேன் தன் மனைவியின் பெயரில் எழுதியது, டிசம்பரில் தனியாகப் பதிவானது. அதில் பேஸ் நடப்பதே இல்லை, ஒவ்வொரு பகுதியிலும் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே கார்டுகள் நிறம் மாறிக்கொண்டே இருக்க, கீழே தரை அசையாது. நம் காதுக்குத் தம்புரா பழக்கம் என்பதால் 'நைமா' நமக்கு உடனே பிடித்துவிடுகிறது என்று எனக்கு ஓர் எண்ணம்.

இப்போது கொஞ்சம் பின்னால் போங்கள், 1956க்கு. மைல்ஸ் கொலம்பியா கம்பெனிக்கு மாற விரும்பினார், ஆனால் பிரெஸ்டீஜுக்கு இன்னும் சில ஆல்பங்கள் தர வேண்டியிருந்தது. மே 11, அக்டோபர் 26 என்று இரண்டே நாட்களில் குழுவை உட்காரவைத்து, மேடையில் வாசிப்பதைப் போலவே வாசித்துத் தள்ளிக் கடனைத் தீர்த்தார். அந்த இரண்டு நாள் பதிவிலிருந்து பிரெஸ்டீஜ் நான்கு ஆல்பங்களைச் சில வருடங்களில் ஒவ்வொன்றாக வெளியிட்டது: 'குக்கிங்', 'ரிலாக்ஸிங்', 'வர்க்கிங்', 'ஸ்டீமிங்'. பதிந்த இடம் நியூ ஜெர்சியில் ஹேக்கன்ஸாக் என்ற ஊரில் ரூடி வான் கெல்டருடைய பெற்றோர் வீட்டுக் கூடம். வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர், மற்ற நேரத்தில் ஒலிப்பதிவாளர். ஜாஸ் ஒலிப்பதிவில் அவரை மிஞ்ச அன்றைக்கு ஆளில்லை.

நாலில் ஒன்றுதான் கேட்க நேரம் என்றால் 'ரிலாக்ஸிங்' கேளுங்கள். அதில் பேச்சுகளையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். 'யூ ஆர் மை எவ்ரிதிங்' தொடக்கத்தில் ரெட் கார்லண்ட் பியானோவில் ஒற்றைச் சுரங்களாக அழகாக ஒரு முன்னுரை ஆரம்பிப்பார். மைல்ஸ் விசில் அடித்து நிறுத்துவார், அந்தக் கரகரத்த குரலில் கார்டுகளாக வாசிக்கச் சொல்வார். கார்லண்ட் உடனே இரண்டு கைகளும் சேர்ந்து ஒலிக்கும் அந்தக் கனத்த கார்டுகளுக்கு மாறுவார். ஒரே நொடியில் பாட்டின் முகமே மாறிவிடும். ஒரு தலைவருக்குத் தன் குழுவின் ஒலி எப்படித் தெரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பேஸுக்கு வந்தால், இந்தக் குழு நடுத்தர வேகப் பாட்டுகளில் அடிக்கடி கையாளும் உத்தி ஒன்று உண்டு. மைல்ஸ் மெட்டைச் சொல்லும்போது சேம்பர்ஸ் பாருக்கு இரண்டு சுரம் மட்டும் வைப்பார், சோலோ தொடங்கும்போது நான்காக்குவார். வேகம் கொஞ்சமும் கூடவில்லை, ஆனால் வண்டி கியர் மாறியது போல உடம்புக்குத் தெரியும்.

இந்த மூவர் அணி, அதாவது கார்லண்ட், சேம்பர்ஸ், டிரம்ஸில் ஃபில்லி ஜோ ஜோன்ஸ், அன்றைக்கு எவ்வளவு பேர் பெற்றிருந்தது என்றால் அவர்களை வைத்தே ஒரு ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார்கள்: 'ஆர்ட் பெப்பர் மீட்ஸ் த ரிதம் செக்‌ஷன்'. 1957 ஜனவரி 19, லாஸ் ஏஞ்சலஸ். மைல்ஸின் குழு அந்த ஊருக்கு வந்திருந்த சமயம். பெப்பர் பின்னாளில் சொன்ன கதை பிரபலமானது. காலையில் எழுந்த பிறகுதான் பதிவு இருப்பதே அவருக்குத் தெரியுமாம், சாக்ஸபோனைத் தொட்டே வெகு நாளாகியிருந்ததாம், கழுத்துப் பகுதியின் கார்க் காய்ந்து உடைந்திருந்ததாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்பு வரை அவர் இன்னொரு ஆல்பத்துக்காகப் பதிவில் வாசித்திருக்கிறார் என்பதால் முழுவதும் நம்ப வேண்டாம். வாசிப்பை மட்டும் நம்புங்கள், அது பொய் சொல்லாது. இந்த ஆல்பத்தில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஆரம்பகால ஸ்டீரியோ என்பதால் சாக்ஸபோனை ஒரு காதிலும் மற்ற மூவரையும் இன்னொரு காதிலும் வைத்துவிட்டார்கள். ஹெட்ஃபோனில் சாக்ஸபோன் பக்கத்தைக் கழற்றிவிட்டு மூவரை மட்டும் ஒரு முறை கேளுங்கள். ஃபில்லி ஜோவின் குச்சி சிம்பலில் விழும் இடமும் சேம்பர்ஸின் விரல் தந்தியை விடும் இடமும் எவ்வளவு ஒட்டி வருகின்றன, எங்கே ஒரு மயிரிழை முன்னே பின்னே போகின்றன என்பது அப்போது துல்லியமாகக் கேட்கும். ஸ்விங் என்று ஜாஸ்காரர்கள் சொல்வது அந்த மயிரிழையில்தான் இருக்கிறது.

அடுத்து, நான் எல்லோருக்கும் கொடுக்க விரும்பும் ஆல்பம். ஹேங்க் மோப்ளியின் 'சோல் ஸ்டேஷன்', 1960 பிப்ரவரி 7, ப்ளூ நோட். டெனர் சாக்ஸபோனில் மோப்ளி, பியானோவில் விண்டன் கெல்லி, சேம்பர்ஸ், டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி. விமர்சகர் லெனர்ட் ஃபெதர் மோப்ளியை, குத்துச்சண்டைக் கணக்கில், டெனரின் 'மிடில்வெயிட் சாம்பியன்' என்றார். பாராட்டாகச் சொன்னதுதான், ஆனால் கோல்ட்ரேன், சானி ராலின்ஸ் என்ற இரண்டு ஹெவிவெயிட்டுகளுக்கு நடுவில் அந்தப் பட்டமே மோப்ளிக்குச் சுமையாகிவிட்டது. இரண்டாம் வரிசை ஆள் என்றே பலர் அவரை ஒதுக்கினார்கள். எனக்கு இதில் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. 'சோல் ஸ்டேஷன்' கேட்டுவிட்டு யாராவது மோப்ளியை இரண்டாம் வரிசை என்று சொன்னால் அவர்கள் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள், வாக்கியங்களைக் கேட்கவில்லை. அவருடைய தொனி உருண்டையானது, கத்துவதே இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்துக்குப் பதிலாக வருகிறது, தாளத்தில் எதிர்பாராத இடத்தில் தொடங்கி எதிர்பாராத இடத்தில் முடிகிறது.

முதல் உருப்படி 'ரிமெம்பர்', இர்விங் பெர்லின் எழுதிய பழைய பாட்டு. மொத்தம் ஆறில் நான்கு மோப்ளியே எழுதியவை. அவற்றில் 'திஸ் ஐ டிக் ஆஃப் யூ'வைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கெல்லியின் சோலோ முதலில் வருகிறது. ஒவ்வொரு சுரத்திலும் ஒரு சிரிப்பு இருக்கும், ஆனால் தாளம் கத்தி போல இருக்கும். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம். இடி முழங்க வாசித்துப் பேர் வாங்கிய பிளேக்கி இங்கே அடக்கி வாசிக்கிறார். அவர் அப்படி ஒதுங்கியதால் நடுவில் கிடைத்த இடத்தை சேம்பர்ஸ் எடுத்துக்கொள்கிறார். இந்த ஆல்பத்தில் பேஸ் அவ்வளவு தெளிவாகக் கேட்பதற்கு வான் கெல்டரின் மைக் ஒரு காரணம், பிளேக்கியின் பெருந்தன்மை இன்னொரு காரணம். கெல்லியின் வாசிப்பு பிடித்துவிட்டால் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்குத் திரும்பி 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' மட்டும் கேளுங்கள். அந்த ஆல்பத்தில் அந்த ஒன்றில் மட்டும்தான் கெல்லி, மற்ற நான்கிலும் பில் எவன்ஸ். ஒரே பேஸ், ஒரே டிரம்ஸ், பியானோ மாறியதும் அறையின் வெளிச்சமே மாறுகிறது.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பியானோ கலைஞர் சானி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டிங்', 1958 ஜனவரி. நடந்துபோகும் பெண்ணின் கால்கள் மட்டும் தெரியும் அந்த அட்டைப்படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஜப்பானிய ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆல்பம். கிளார்க் 31 வயதில் போய்விட்டார். கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெயின்', 1957 செப்டம்பர். இதில் டிரம்பெட் வாசிக்கும் லீ மார்கனுக்கு அப்போது 19 வயது, அதை மனதில் வைத்துக்கொண்டு அவர் சோலோவைக் கேளுங்கள். ராலின்ஸின் 'டெனர் மேட்னஸ்', 1956 மே. தலைப்பு உருப்படியில் மட்டும் ராலின்ஸும் கோல்ட்ரேனும் மாறி மாறி வாசிக்கிறார்கள். இருவரும் சேர்ந்து வாசித்து நமக்குக் கிடைத்திருக்கும் பதிவு இது ஒன்றே. ஆலிவர் நெல்சனின் 'த ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்', 1961 பிப்ரவரி. 'ஸ்டோலன் மொமண்ட்ஸ்' என்ற உருப்படிக்காக. எல்லாவற்றிலும் பேஸ் இவர்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சேம்பர்ஸ் தன் பெயரிலேயே போட்ட ஆல்பங்களும் உண்டு. 1957இல் வந்த 'பேஸ் ஆன் டாப்' அவற்றில் சிறந்தது. கிதாரில் கென்னி பரல், பியானோவில் ஹேங்க் ஜோன்ஸ், டிரம்ஸில் ஆர்ட் டெய்லர். 'யெஸ்டர்டேஸ்' உருப்படியில் விரலை விட்டுவிட்டு வில்லால் வாசிக்கிறார். டெட்ராய்ட் சிம்பனியின் பேஸ் கலைஞரிடம் முறையாகப் பயின்றவர் அவர். ஆனாலும் வில் வாசிப்பில் தொனி கரகரப்பாக, சில இடங்களில் சுருதி விளிம்பில் நிற்கும். பல ரசிகர்களுக்கு இது பிடிக்காது, அந்த சோலோ வந்தால் தள்ளிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்தக் கரகரப்பு பிடிக்கும். சாக்ஸபோன்காரர்களின் வேகமான வாக்கியங்களைக் கனத்த தந்திகளில் வில்லால் சொல்ல முயல்கிறார், அந்த முயற்சியின் உராய்வு அது. ஆனால் இதிலிருந்து தொடங்க வேண்டாம். மற்றவற்றைக் கேட்டு அவர்மேல் பாசம் வந்த பிறகு வாருங்கள்.

கடைசிக் காலத்துக்கு 'ஸ்மோக்கிங் அட் த ஹாஃப் நோட்', 1965. விண்டன் கெல்லி, சேம்பர்ஸ், காப் மூவரும் மைல்ஸை விட்டு வந்து தனி அணியாக இருந்தபோது, கிதாரிஸ்ட் வெஸ் மாண்ட்கோமரியுடன் வாசித்தது. பாதி நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில், பாதி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிந்தார்கள். மாண்ட்கோமரி பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் கட்டைவிரலால் வாசிப்பவர். 'இஃப் யூ குட் சீ மீ நவ்' சோலோதான் தனக்கு எல்லாக் காலத்துக்கும் பிடித்த கிதார் சோலோ என்று கிதாரிஸ்ட் பாட் மெதீனி சொல்லியிருக்கிறார். நான் மறுக்க மாட்டேன். அதன் பிறகு நடந்தது கொடுமை. மாண்ட்கோமரி 1968 ஜூனில் இறந்தார். சேம்பர்ஸ் 1969 ஜனவரி 4 அன்று காசநோயில் இறந்தார், 33 வயது. வருடக்கணக்கான ஹெராயினும் குடியும் உடம்பை ஏற்கெனவே அரித்திருந்தன. கெல்லி 1971இல். நால்வரில் காப் மட்டும் 2020 வரை இருந்தார், 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வாசித்தவர்களில் கடைசி ஆளாக.

வரிசை வேண்டும் என்றால், 'சோல் ஸ்டேஷன்' முதலில், பிறகு 'ரிலாக்ஸிங்', அப்புறம் ஆர்ட் பெப்பர். 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஒரு மாதம் கழித்து வரட்டும், அவசரமில்லை. இசைச் செயலிகள் பக்கவாத்தியக்காரர்களின் பெயரைப் பல சமயம் காட்டுவதில்லை, அதனால் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் யார் யார் வாசித்தார்கள் என்று தனியாகத் தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். அப்படிப் பார்க்கும்போது வேறொரு பெயர் உங்களைப் பிடித்து இழுத்தால் தாராளமாக அந்தப் பக்கம் போங்கள். பில் எவன்ஸ் இழுத்தால், அவருடைய மூவர் அணி 1961 ஜூன் 25 அன்று வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் வாசித்த பதிவுகள் இருக்கின்றன. அதில் பேஸ் ஸ்காட் லஃபாரோ. சேம்பர்ஸுக்கு நேர் எதிரான ஆள், அதிகம் நடக்க மாட்டார், பியானோவோடு சரிக்குச் சரி பேசுவார். அந்தப் பதிவு முடிந்த பதினோராம் நாள் கார் விபத்தில் 25 வயதில் போய்விட்டார். சேம்பர்ஸைக் கேட்டுப் பழகிய காதோடு லஃபாரோவிடம் போனால், அவர் எதை உடைத்தார் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.